துடுப்பனின் வருகை நிலுவையில் உள்ளது

வாசகர் உணர்ச்சி நல வாரியம் என்று ஒன்று இருப்பது, அதன் ஆணை வீட்டுக்கு வரும்வரை கதை எழுதும் அக்காக்காரிக்குத் தெரியாது. வாசகர்களுக்கு உணர்ச்சி வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலையா, வந்த உணர்ச்சியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதா என்பது பெயரிலிருந்து விளங்கவில்லை. வாரியத்துக்குள்ளேயே அதுபற்றி இரண்டு கட்சி இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஆணையில் ஒரே வாக்கியம். 'தங்களது இரண்டாம் பாகத்தினால் இளம் வாசகர்களிடையே ஏற்பட்டுள்ள நிலைமை தொடர்பாக, தக்க மனநிலையுடன் நேரில் ஆஜராகவும்.'

தக்க மனநிலை எது என்று ஆணையில் இல்லை. பதிப்பாளருக்குப் போன் செய்தாள். எப்போதும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பேசுகிறவர். அன்று அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வாரியமா? அம்மா, நீங்க முதல்ல கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கங்க. அப்புறம் பேசறேன்."

அவள் எழுதிய கதையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பனியாறு என்று ஓர் ஆறு. அதில் தண்ணீருக்குப் பதில் மூடுபனி ஓடும். அதில் படகு விடும் பையன் துடுப்பன். கரையைக் கடித்துத் தின்று ஊர்களை விழுங்கும் கரைதின்னிகளிடமிருந்து மக்களைக் காப்பாற்றி அக்கரை சேர்ப்பது அவன் வேலை. முதல் பாகத்தின் அட்டையில் 'ஓர் அக்காவும் தம்பியும் எழுதியது' என்று போட்டிருந்தது. அது உண்மைதான். தட்டு கழுவின கையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆறு, பனி, சண்டை எல்லாவற்றையும் அவள் எழுதுவாள். துடுப்பன் வாய் திறக்கும் இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு, "ம், சொல்லு" என்பாள். எதிர் நாற்காலியிலிருந்து தம்பி சொல்லுவான். துடுப்பனின் வாய் தம்பியின் வாய். அந்த வாய்க்காகத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் முதல் பாகத்தை வாங்கித் தீர்த்தார்கள்.

இரண்டாம் பாகத்தின் அட்டையில் 'ஓர் அக்கா எழுதியது' என்று மட்டும் இருந்தது. தம்பிக்கு மரச்சாமான் கிடங்கில் வேலை. ஒரு நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். மத்தியானம் கிடங்கில் பலகை அடுக்கு அவன்மேல் சரிந்தது.

அவள் இரண்டாம் பாகத்தைத் தனியாக எழுதினாள். துடுப்பன் பேசவேண்டிய இடம் வந்ததும் பழக்கத்தில் பேனா நின்றது. தானாக ஒரு வசனம் எழுதிப் பார்த்தாள். துடுப்பன் பள்ளிக்கூட நாடகத்தில் பேசுவதுபோல் பேசினான். அதை அடித்துவிட்டு, தம்பி எப்போதோ வீட்டில் நிஜமாகவே சொன்ன ஒன்றை அந்த இடத்தில் வைத்தாள். அது பொருந்தி உட்கார்ந்துகொண்டது. பிறகு அதுவே முறையாயிற்று. இரண்டாம் பாகத்தில் துடுப்பன் பேசுவதெல்லாம் தம்பி பேசியது; ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. படகைச் சுற்றிக் கரைதின்னிகள் வாய் பிளந்து நிற்கும்போது துடுப்பன், "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான். எதிரிப் படைத்தலைவன் சரணடையச் சொன்னபோது, "என் நீலச் சட்டைய யாரு எடுத்தது?" என்றான். ஞாபகத்தில் இருந்த வாக்கியங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்று மிஞ்சியது. துடுப்பன் கரையில் நின்றவர்களைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிப் பனிக்குள் போனான். படகு மட்டும் திரும்பி வந்தது. அவளிடம் வேறு வாக்கியம் இல்லாததால் புத்தகமும் அங்கே முடிந்தது.

வாசகர்களுக்கு இது எப்படித் தெரியும்? உப்பு கம்மி என்றால் கண்ணீர் வற்றிய காலம் என்று பொருள் என்றது ஒரு கூட்டம். நீலச் சட்டை என்பது வானம், துடுப்பன் கேட்டது கடவுளை என்றது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கிழித்துத் தோரணம் கட்டின. பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்து, இரண்டும் ஒரே குரலில், "ஏன் கொன்றாய்?" என்று கேட்டன.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலையில் இருந்தாள். சின்ன இருட்டறை, எதிர்ச் சுவரில் வெளிச்சமான எழுத்துப் பலகை. ஆணை வந்த மறுநாள் ஒரு கல்லூரிப் பெண் வந்து சோதனை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடைசி வரியப் படிங்கம்மா."

"படகு மட்டும் திரும்பி வந்தது."

"பலகைல இருக்கற கடைசி வரி."

"எனக்கு அதுதான் தெரியுது" என்றாள் அந்தப் பெண், பலகையைப் பார்க்காமல் அவளையே பார்த்தபடி.

கடைக்கு எதிர் நடைபாதையில் பிள்ளைகள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நிற்பார்கள். திட்டினால் திரும்பத் திட்டலாம். கல்லெறிந்தால் போலீஸுக்குச் சொல்லலாம். சும்மா நிற்கிறவர்களை என்ன செய்வது? அவள் சாப்பாட்டுக்குக்கூட வெளியே போகாமல் இருட்டறையிலேயே இருந்தாள்.

"கூட்டம் வருது, சந்தோஷம்தான்" என்றார் கடை முதலாளி. "ஆனா ஒருத்தருக்கும் கண்ணுல கோளாறு இல்லையே! எல்லாம் கூர்மையா உன்னைத்தான் பாக்குது. எனக்கே உதறுது, நீ எப்படித்தான் உள்ள உக்காந்திருக்கியோ."

பதிப்பாளர் பின்வாசல் வழியாக வந்தார்.

"உள்ள ஒரு ஆளப் புடிச்சு விசாரிச்சுட்டேம்மா. ஒரே ஒரு வார்த்தைதான் பிரச்சினை. 'போயிட்டு வரேன்'ங்கறத 'போறேன்'னு மாத்திட்டா, அந்தப் பையன் தாராளமா சாகலாமாம். யாரும் கேக்க மாட்டாங்களாம்."

"மாத்த முடியாதுங்க."

"எதுக்கு முடியாது? ஒரு வார்த்தை!"

"அவன் அப்படித்தான் சொன்னான்."

"யாரு, துடுப்பனா? அவனை எழுதினதே நீங்கதானேம்மா! நல்லாயிருக்கே கதை!"

தம்பி சொன்னது என்று சொன்னால் அடுத்த பதிப்பின் பின்னட்டையில் அதைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

வாரியத்தின் கட்டடம் நீளமாக, உயரம் குறைவாக, ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் பார்த்தபடி இருந்தது. வாசலில் இருந்த காவலாளி ஆணையை வாங்கிப் பார்த்தார்.

"முதல் பாகம்னா இடது கை பக்கம் போங்க. மூணாம் பாகம்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "ரெண்டாம் பாகமா?" என்று கேட்டு, எழுந்து நின்றார். "நேரா போங்கம்மா. யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க."

நேராகப் போனாள். ஒரு கதவில் 'கண்ணீர் அளவை' என்று எழுதியிருந்தது. உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர்கள் நனைந்து உலர்ந்து சுருங்கிய பக்கங்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது அழுகை இல்ல சார், டீ" என்றது ஒரு குரல். "டீயா இருந்தாலும் கை நடுங்கித்தானே சிந்தியிருக்கு? சேர்த்துக்கோ" என்றது இன்னொரு குரல். அடுத்த கதவில் 'எறிதல்' என்று இருந்தது. அங்கே ஒரு திடகாத்திரமான ஆள் அவளுடைய புத்தகத்தைச் சுவரில் ஓங்கி எறிந்து, முனை எப்படி மடங்குகிறது என்று குனிந்து பார்த்து, மறுபடி எடுத்து எறிந்தார். அவள் போவதைப் பார்த்ததும் எறிவதை நிறுத்தி மரியாதையாக வணக்கம் சொன்னார்.

காத்திருக்கும் அறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். துப்பறியும் கதைக்காரர்.

"என் ரெண்டாம் பாகத்துல ஒரு நாய் செத்துப்போச்சும்மா" என்றார். "வயசாகித்தான் செத்துச்சு. கூப்பிட்டு விசாரிச்சாங்க. சரின்னு உயிரோட எழுப்பிட்டேன். ஒத்தையா இருந்தா ஏங்கிப்போகும், துணைக்கு ஒண்ணு போடுன்னாங்க. போட்டேன். அப்புறம் குட்டி. இப்ப என் கதைல நாய்ங்களத் தவிர யாருமே இல்ல. கொலைகாரன் எப்பவோ கடிபட்டு ஓடிட்டான்."

"துப்பறியறவர்?"

"அவர்தான் தட்டு வைக்கறார்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே கூப்பிட்டார்கள்.

நீண்ட மேசை. நடுவில் தலைவர், வலது பக்கம் செயலாளர், இடது பக்கம் கழுத்தில் துண்டு சுற்றிய ஒல்லியான மனிதர். அவர் இலக்கண ஆலோசகர். மேசை நடுவே அவள் புத்தகம், நூலால் கட்டி அரக்கு வைக்கப்பட்டு இருந்தது.

"பயப்படாதீங்க" என்று தலைவர் ஆரம்பித்தார். அவள் பயம் இரட்டிப்பாயிற்று. "உங்க புத்தகத்தை நாங்க யாரும் படிக்கல. இதைப் பெருமையா சொல்லிக்கறேன். படிச்சா ஒரு பக்கமா சாஞ்சிடுவோம் பாருங்க. இந்த மேசைல இதுவரைக்கும் ஒரு புத்தகத்தையும் திறந்தது கிடையாது. தூசி தட்டறதோட சரி. அதனாலதான் எங்க தீர்ப்புல ஒரு பிசகு வந்ததில்ல."

செயலாளர் தலையாட்டினார்.

"எழுத்தாளர்களுக்கு நாங்க எதிரி இல்ல. எழுதுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஒருத்தர் புத்தகத்தை எடுக்கறப்ப எப்படி இருந்தாரோ, மூடறப்பவும் அப்படியே இருக்கணும். வாடகைக்கு எடுத்த பாத்திரத்தை நெளிசல் இல்லாம திருப்பித் தர்றோமில்ல? ஜனங்க மனசு மட்டும் என்ன இளப்பமா?"

செயலாளர் எழுந்து வாசித்தார்: "பாதிக்கப்பட்ட வாசகர், பள்ளி மாணவி. எதிர்வினையை முழுசா வாசிக்க வேண்டியதில்லை. சாரம்: வாசகர் அழுதிருக்கிறார்."

"எழுத்தாளர் என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர்.

"எனக்கும் அழுகைதான் சார் வந்தது."

"நீங்க பாதிக்கப்பட்டவர் பட்டியல்ல இல்ல" என்றார் செயலாளர்.

தலைவர் கையைக் காட்ட, இலக்கண ஆலோசகர் துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு எழுந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சம்பந்தப்பட்ட பையன் கடைசியா சொன்னது 'போயிட்டு வரேன்'. இதுல 'போயிட்டு' என்பது இறந்தகால எச்சம். அதாவது போறதுங்கிற காரியம் முடிஞ்சு போச்சு. அவன் இனிமே போக முடியாது. 'வரேன்' என்பது நிகழ்காலம். 'வருவேன்'னு சொல்லியிருந்தா, வரலாம், வராமலும் இருக்கலாம், விட்டுடலாம். இவன் அப்படிச் சொல்லல. வாயிலேர்ந்து அந்தச் சொல் விழுந்த நொடியே வர ஆரம்பிச்சுட்டான். இலக்கணப்படி அவன் இப்பவும் வந்துகொண்டிருக்கிறான்."

அக்காக்காரி தன் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். ஆணை வந்த நாளிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று ஆகிவிட்டது. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறாள். அதற்கான இலக்கணத்தை ஓர் அந்நியர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். இவர்கள் பைத்தியம் என்றால் தான் யார்?

"படகு திரும்பி வந்ததே, அதை எப்படி எடுத்துக்கறது?" என்று தலைவர் கேட்டார்.

"பகுதி வருகை" என்றார் ஆலோசகர். "மீதி வரவேண்டியிருக்கு."

"அம்மா, ரெண்டு வழி. ஒண்ணு, வார்த்தையை மாத்துங்க. இல்லேன்னா ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்றார் தலைவர்.

"வார்த்தையை மாத்த மாட்டேன் சார்."

"அப்ப மூணாம் பாகத்துல அவன் வர்றான். நாலு வார்த்தை பேசறான். அவ்வளவுதானே?"

"பேச்சு இல்ல சார்."

"என்ன இல்ல?"

"அவன் பேச்சு. எங்கிட்ட இருந்ததெல்லாம் தீந்துபோச்சு."

செயலாளர், 'இருப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார். தலைவர் முகம் மலர்ந்தது. "அதுக்கா கவலைப்படறீங்க? நம்ம தொடர்ச்சிப் பிரிவு எதுக்கு இருக்கு? எழுதறவங்களால முடியலேன்னா அவங்க எழுதித் தந்துடுவாங்க. மாதிரி ஒண்ணு தயாரா இருக்கு, கேளுங்க."

தொடர்ச்சிப் பிரிவின் குமாஸ்தா கதவுப் பக்கமிருந்து வந்து தொண்டையைச் செருமினார்.

"பனி விலகிற்று. துடுப்பன் தோன்றினான். தோன்றிக் கூறலானான்: கரைவாழ் பொதுமக்களே! தவிர்க்கவியலாத காரணங்களால் தாமதமடைந்த எனது வருகை இன்று இனிதே நிறைவேறியதைத் தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். எனது அன்புச் சகோதரிக்கு..."

"வேணாம்!"

அந்தக் கத்தல் தன்னுடையது என்று அவளுக்கே உடனே தெரியவில்லை. நாற்காலி பின்னால் விழுந்து கிடந்தது. தம்பி ஒருவரையும் 'அன்புச் சகோதரி' என்று சொன்னவன் இல்லை. அவளை 'ஏய்' என்றும், காரியம் ஆகவேண்டுமானால் 'அக்கோவ்' என்றும் கூப்பிடுவான். அந்த வாய்க்குள் இந்தக் குமாஸ்தாவின் வாய் நுழைந்துவிட்டால், பிறகு அவள் நினைத்துப் பார்க்கும்போதும் இதுதானே காதில் கேட்கும்? முதலில் பேசியது எது, பிறகு ஒட்டியது எது என்று பிரிக்க முடியுமா?

"உணர்ச்சி" என்றார் தலைவர் திருப்தியாக. "பதிவு பண்ணிக்கோங்க."

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். பிறகு தலைவர் முடிவைச் சொன்னார். வார்த்தை நிற்கிறது, ஆகவே ஆள் வந்துகொண்டிருக்கிறான், ஆகவே அவன் வருகை நிலுவையில் உள்ளது என்று கொள்ளப்படும். நிலுவையை நெடுநாள் வைத்திருக்க விதியில் இடமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாரியத்தின் சார்பில் துடுப்பனுக்குப் பொது வரவேற்பு. ஊரில் ஆறு இல்லாததால் பேருந்து நிலையத்தில் நடக்கும். எழுத்தாளர் மேடையில் நின்று வரவேற்க வேண்டும். அன்று வருகை பூர்த்தியாகாவிட்டால் மூன்றாம் பாகம் தொடர்ச்சிப் பிரிவுக்குப் போய்விடும்.

"யாராவது வந்தாத்தானே சார் வரவேற்க முடியும்?" என்று அவள் கேட்டாள்.

"வரவேற்பு எங்க பொறுப்பு" என்றார் செயலாளர். "வர்றது அவர் பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் ஒரு நடைமேடையைக் காலி செய்து மேடை போட்டிருந்தார்கள். 'துடுப்பனே வருக' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்கு எதிரே நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும், அவர்களைப் போல இன்னும் பத்து மடங்கும், அங்கே நின்றார்கள். இங்கேயும் பேசவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஊர்க்காரர்கள், யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்துத் தங்கள் மூட்டைகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மேடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை உட்கார வைத்தார்கள். சட்டையில் 'பாதிக்கப்பட்ட வாசகர்' என்று ஓர் அட்டை குத்தியிருந்தது. அக்காக்காரிக்கு அவளைத் திரும்பிப் பார்க்கவே தைரியம் வரவில்லை. தலைவர் ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணே குனிந்து கிசுகிசுத்தாள்.

"அக்கா, நான் புகாரே குடுக்கல. புத்தகத்துக்குப் பின்னாடி கருத்து எழுதுங்கன்னு போட்டிருந்தது. 'அழுதேன், நல்லா இருந்தது'ன்னு எழுதினேன். மறுநாள் ஜீப்ல வந்துட்டாங்க. எங்கம்மா மயக்கமே போட்டுட்டாங்க."

"மன்னிச்சுக்கோம்மா."

"நீங்க எதுக்கு?" என்றவள், இன்னும் கிட்டே குனிந்து, "அக்கா, அவன் வரமாட்டான்ல?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை இதுவரை அக்காக்காரியிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"மாட்டான்" என்றாள் கடைசியில்.

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. இவங்க பண்றதப் பாத்து நிஜமாவே கூட்டிட்டு வந்துடுவாங்களோன்னு பயந்துட்டேன். அவன் வந்துட்டா, எங்கண்ணன் மட்டும் ஏன் வரலன்னு தோணும்."

சட்டையில் குத்திய அட்டை கோணலாக இருந்தது. அக்காக்காரி அதைச் சரி செய்வதுபோல் கையை நீட்டி, அந்தப் பெண்ணின் தோளில் வைத்து, எடுக்க மறந்துபோனாள். ஒலிபெருக்கியை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். 'வருக' என்ற ஒரே சொல்லை அவள் சொல்ல வேண்டும்.

அவள் எழுந்து நின்றாள். கீழே அத்தனை கண்கள்.

"அவன் வரமாட்டான்" என்றாள். ஒலிபெருக்கி அதை நிலையத்தின் எல்லா மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூட்டத்தில் எங்கோ ஒரு பிள்ளை சத்தமாக மூக்கை உறிஞ்சியது. பிறகு இன்னொன்று. அவள் எதிர்பார்த்த கல் எதுவும் வரவில்லை.

தலைவர் ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு ஆலோசகரைப் பார்த்தார். "ஏதாவது வழி இருக்கா?"

ஆலோசகர் கையை விரித்தார். "இல்ல சார். எதிர்காலம், எதிர்மறை. ஒரு பொடி இடுக்குகூட இல்ல."

"வரவேற்புச் செலவை என்னன்னு காட்டறது? மாட்டான்னு யாராவது மேடை போடுவாங்களா? யாராவது வந்தாகணுமய்யா!"

அந்த நேரத்தில் வழக்கமான பஸ் ஒன்று வழக்கம்போல வந்து நடைமேடையில் நின்றது. கூட்டம் மொத்தமும் திரும்பியது. அக்காக்காரியும் திரும்பினாள், திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள். முன்பக்கக் கதவைத் திறந்து முதலில் இறங்கியவர் ஓட்டுநர். நடுத்தர வயது, தொப்பை, கையில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி. செயலாளர் பாய்ந்து போய் அவர் கையில் பூங்கொத்தைத் திணித்தார்.

"சார், நான் ரிட்டயராக இன்னும் நாள் இருக்கே!"

"பேசாம வாங்கிக்கங்க. நீங்க வந்துட்டீங்க."

"நான் தினமும்தான் வரேன் சார்" என்றார் ஓட்டுநர், குழம்பிப்போய்.

ஆலோசகரின் கண்கள் பிரகாசித்தன. "வரேன்! நிகழ்காலம்! தன்மை ஒருமை! அப்படியே பொருந்துது சார்!"

"வருகை பூர்த்தி!" என்று தலைவர் ஒலிபெருக்கியில் முழங்கினார். வாரிய ஊழியர்கள் கைதட்டினார்கள். மூட்டைக்காரர்களும் தட்டினார்கள். செயலாளர் முதுகை மேசையாக்கி நிற்க, தலைவர் கோப்பில் கையெழுத்துப் போட்டு மூடினார். வார்த்தை தப்பியது. மூன்றாம் பாகமும் அவளிடமே தங்கியது. யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை. அவளைக் கவனிக்கவே இனி அவர்களுக்கு நேரமில்லை. புகைப்படம் எடுக்க ஓட்டுநரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துடுப்பன் மாதிரி நிற்கச் சொன்னார்கள். அவர் பூங்கொத்தை ஸ்டியரிங் போலப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கீழே நடத்துனர் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களோடு, முடிந்ததா இல்லையா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் மேடையிலிருந்து அவரைப் பார்த்துக் கத்தினார்.

"நீ போய்ச் சாப்பிடுப்பா! எனக்காக உக்காந்திருக்காத!"

அக்காக்காரி அப்படியே நின்றாள்.

கிடங்கில் வேலை அதிகமாக இருக்கிற நாளில் தம்பி போன் பண்ணுவான். பின்னால் மரப்பலகை இழுபடும் சத்தம் கேட்கும். எடுத்ததும் 'ஏய்' என்பான். பிறகு அதேதான் சொல்லுவான், கொஞ்சம் வேறு மாதிரி. எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். இரண்டாம் பாகம் எழுதிய அத்தனை மாதமும் தலையை உடைத்துக்கொண்டபோது இது வரவில்லை. இப்போது ஒரு தொப்பைக்கார ஓட்டுநரின் வாயில் வந்திருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் முதலில் வந்தது பயம்தான். அதுவரை பட்டதிலேயே பெரிய பயம். கையில் பேனா இல்லை. சுற்றிலும் ஒரே பேச்சு. தலைவர் நன்றியுரையை ஆரம்பித்துவிட்டார். அவர் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து காதில் விழுகின்றன. இதில் ஒன்று அதோடு கலந்துவிட்டால்? வீடு போய்ச் சேர்வதற்குள் அவன் சொன்ன விதம் கலைந்து, ஓட்டுநர் சொன்ன விதம் மட்டும் மிஞ்சிவிட்டால்?

அவள் மேடையின் பின்படி வழியாக இறங்கினாள். பதிப்பாளர் எதிரே ஓடிவந்தார். "தப்பிச்சோம்மா! தப்பிச்சோம்! எப்ப மூணாம் பாகம்?" அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேறு சொல் வந்துவிடும். கையால் விலக்கிவிட்டு நடந்தாள். நிலையத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, உதடுகள் மட்டும் அசைய நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர், "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். அவள் அதையும் காதில் விடாமல், ஒரு நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள்போல ஒவ்வோர் அடியாக வைத்து, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள்:

"ஏய், நீ சாப்ட்டுடு. எனக்காக முழிச்சு உக்காந்திருக்காத. ஏய், நீ சாப்ட்டுடு."